சிரித்த பாட்டில் ஒரு ஸ்டீல் கித்தார்

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மனிதர் மாறுவதைப் பற்றி உலகம் இரண்டு விதமாகப் பேசும். "படிக்கப் போனா, ஆளே மாறிப்போனா" என்பது ஒன்று. "இத்தனை படிச்சும் இன்னும் அதே பேச்சுதானா?" என்பது மற்றொன்று. முதலாவதை ஊரில் கேட்கிறோம். இரண்டாவதை நகரத்தில் கேட்கிறோம். கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர், பகலில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் கேட்டுப் பழகியவர்கள். மாறுவது துரோகமா? மாறாமல் இருப்பது அறியாமையா? இரண்டுக்கும் நடுவே நடக்க வழி ஏதேனும் உண்டா?

இந்தக் கேள்வியோடு நான் இருந்த நாட்களில் எனக்குத் துணையாக வந்தது ஓர் அமெரிக்கப் பாடகியின் வாழ்க்கை. அவர் பெயர் டாலி பார்ட்டன். மலையடிவார மக்களின் துயரங்களைப் பாடிப் பெயர் பெற்றவர், 1977-ஆம் ஆண்டு திடீரென்று வெயிலடித்தாற்போன்ற ஒரு காதல் பாட்டைப் பாடினார். "நம் பெண் நம்மை விட்டுப் போய்விட்டாள்" என்று அவருடைய மக்களே வருந்தும் நிலை வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இயற்பியல் மாணவிக்கும் அமெரிக்கப் பாடகிக்கும் என்ன தொடர்பு என்று தோழியர் கேட்கக்கூடும். தொடர்பு நம் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. சோனாமீட்டர் என்னும் சுரமானியை நாம் அனைவரும் அறிவோம். கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். இழுவிசையைக் கூட்டினால் சுருதி உயரும். இந்த விதிகளை விளக்கிய எங்கள் பேராசிரியர், "ஸ்டீல் கித்தார் என்று ஒரு வாத்தியம் உண்டு, அதுவும் இந்த விதிக்குள்தான் அடங்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அன்றிரவு அந்த வாத்தியம் எப்படி ஒலிக்கும் என்று கைப்பேசியில் தேடினேன். விரல்களால் கம்பியை அழுத்துவதற்குப் பதிலாக, ஓர் எஃகுத் துண்டைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கிறார்கள். நீளம் தொடர்ச்சியாக மாறுவதால் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு ஒலி வழுக்கிக்கொண்டே போகிறது. மிதி பொருத்திய வகையில், காலால் மிதித்துக் கம்பியின் இழுவிசையையும் மாற்றுகிறார்கள். ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது அந்த ஒலி. அமெரிக்கக் கிராமத்து மக்களின் "கண்ட்ரி" இசைக்கு அந்த ஒலியே அடையாளம் என்று அறிந்தேன். அந்த வாத்தியத்தைத் தேடிப் போனவள் டாலி பார்ட்டனிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் 1946 ஜனவரி 19 அன்று டென்னசி மாநிலத்தின் கிழக்கே, ஸ்மோக்கி மலைத்தொடரை ஒட்டிய செவியர் மாவட்டத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது பிள்ளை. பிரசவம் பார்த்த மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. தந்தை ஒரு மூட்டை மக்காச்சோள மாவைக் கூலியாகக் கொடுத்தாராம். அந்தத் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலத்தில் பாடுபட்டும் கட்டட வேலைக்குப் போயும் குடும்பத்தைக் காத்தவர். தாயோ பழைய கதைப்பாடல்களை வீட்டில் பாடிக்கொண்டே இருப்பவர். எட்டு வயதளவில் மாமா ஒருவர் கொடுத்த கித்தாரோடு டாலியின் இசைவாழ்வு தொடங்கியது. 1964-இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். அந்தக் குடும்பத்தில் அதுவரை படித்துச் சென்றவர் யாருமில்லை, அவரே முதல்வர். நாஷ்வில் நகருக்குப் போய்ப் பாடகியாகப் போகிறேன் என்று பட்டமளிப்பின்போது சொன்னாராம், கூடியிருந்தவர்கள் சிரித்தார்களாம். இதை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் பேருந்து ஏறிவிட்டார்.

"குடும்பத்தில் முதல்வர்" என்ற சொல்லைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சொல்லின் பாரம் நம்மில் பலருக்குத் தெரியும். கல்லூரி விண்ணப்பத்தில் "முதல் தலைமுறைப் பட்டதாரியா?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிடுவது எளிது. அதற்குப் பின்னால் வீட்டில் ஒவ்வொருவரும் நம் முகத்தைப் பார்க்கும் பார்வையைத் தாங்குவதுதான் எளிதன்று.

நாஷ்வில் போன டாலிக்கு முதலில் நேர்ந்ததைக் கவனியுங்கள். அவரை 1965-இல் ஒப்பந்தம் செய்த மான்யுமென்ட் என்னும் இசைத்தட்டு நிறுவனம், அவருடைய மெல்லிய உயர்ந்த குரல் கண்ட்ரி இசைக்குப் பொருந்தாது என்று கருதி, இளைஞர்களுக்கான "பாப்" பாட்டுகளைப் பாடச் சொன்னது. அவரோ தம் மலைநாட்டுப் பாட்டைப் பாடவே விரும்பினார். அவர் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டை 1966-இல் வேறொருவர் பாடி வெற்றி பெற்ற பிறகுதான் நிறுவனம் இசைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தாமாகவே பாப் பாட்டுப் பாடப் புறப்பட்டபோது, "நீ கண்ட்ரி அல்லவா பாடவேண்டும்!" என்றார்கள். நீ யாராக இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய எப்போதும் யாராவது காத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அவர் தம் மனத்தையே கேட்டார்.

இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதிக் குவித்தார். 1967-இல் போர்ட்டர் வாகனர் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்து நாடறிந்த பாடகியானார். கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தாய் தைத்துக் கொடுத்த கோட்டை அணிந்து பள்ளிக்குப் போன சிறுமியை மற்றப் பிள்ளைகள் கேலி செய்த கதை, 1971-இல் "கோட் ஆஃப் மெனி கலர்ஸ்" என்ற பாட்டாக வந்தது. அது அவருடைய சொந்தக் கதை. பயணத்தின்போது கையில் தாள் இல்லாமல் சலவைக்கடைச் சீட்டில் அதை எழுதினாராம். வாகனரை விட்டுப் பிரியும்போது விடைபெறும் பாட்டாக "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" என்பதை எழுதி 1974-இல் வெளியிட்டார். எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் பாட்டின் உரிமையில் பாதியைத் தரவேண்டும் என்றார் அவருடைய மேலாளர். எல்விஸ் என்னும் பெரும்பேரை முன்னால் வைத்துக் கேட்டும் டாலி மறுத்துவிட்டார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகமெங்கும் கொண்டுசென்றபோது உரிமை டாலியிடமே இருந்தது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த தெளிவுக்கு இது சான்று.

இனி 1977-க்கு வருவோம். அதற்குச் சற்று முன்பே அந்த இசையுலகில் ஒரு பெரும் பிணக்கு மூண்டிருந்தது. 1974-இல் கண்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருது, இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜான் என்னும் பாப் பாடகிக்குக் கிடைத்தது. மரபுவழிப் பாடகர் பலர் கொதித்தனர். ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் ஆகியோரின் இல்லத்தில் கூடித் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்தனர். அதில் சேர்ந்தவர்களில் டாலியும் ஒருவர். அடுத்த ஆண்டு விருது மேடையில் சார்லி ரிச் என்ற பாடகர், ஜான் டென்வர் என்ற பெயர் எழுதியிருந்த காகிதத்தைத் தீயிட்டுக் கொளுத்தினார். அவ்வளவு சூடு! அத்தகைய நேரத்தில், 1975, 1976 ஆகிய ஈராண்டும் சிறந்த பாடகி விருது பெற்ற தங்கள் வீட்டுப் பெண்ணே பாப் பக்கம் திரும்பினால் எப்படி இருந்திருக்கும்!

அவர் பாடிய பாட்டின் பெயர் "ஹியர் யூ கம் அகெய்ன்". அதை எழுதியவர்கள் பாரி மன், சிந்தியா வைல் என்னும் தம்பதியர். தயாரித்தவர் கேரி க்ளைன். மறந்துவிட்டோம் என்று ஒருத்தி நிம்மதியடைந்த வேளையில் பழைய காதலன் மீண்டும் வந்து நிற்கிறான். ஒரு சிரிப்பில் அவள் உறுதியெல்லாம் கரைகிறது. இவ்வளவுதான் செய்தி. சாவு இல்லை, பட்டினி இல்லை, மலை இல்லை. துள்ளும் பியானோவுடன் தொடங்கி, படிப்படியாகச் சுருதி ஏறி, கேட்பவரின் முகத்தில் ஒரு புன்னகையை வைத்துவிட்டுப் போகிறது. அதை முதன்முறை கேட்டபோது, மாசி மாதத்துக் காலை வெயிலில் மொட்டைமாடியில் நின்றதுபோல் இருந்தது எனக்கு.

ஆனால் பாட்டுப் பதிவான வேளையில் டாலிக்கு ஓர் அச்சம். தம் பழைய ரசிகர்கள் தம்மை அந்நியமாக எண்ணிவிடுவார்களோ என்று கலங்கினார். ஆகவே, அந்தப் பாட்டில் எப்படியாவது ஸ்டீல் கித்தாரைச் சேர்க்கவேண்டும் என்று தயாரிப்பாளரிடம் வற்புறுத்தினார். இது கண்ட்ரி இல்லை என்று யாராவது சொன்னால், இதோ கேளுங்கள் என்று காட்ட ஒன்று வேண்டுமல்லவா? அவ்வாறே சேர்க்கப்பட்டது. கவனித்துக் கேளுங்கள், பியானோவுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் நடுவே, ஊரிலிருந்து வந்த உறவினர் கல்யாண மண்டபத்தின் ஓரத்தில் நிற்பதுபோல், அந்த வழுக்கும் ஒலி நிற்கிறது.

விளைவு என்ன? பில்போர்டு பாப் பட்டியலில் அப்பாட்டு 1978 தொடக்கத்தில் மூன்றாம் இடம் வரை ஏறியது. கண்ட்ரி பட்டியலிலோ ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதே பெயர் கொண்ட இசைத்தட்டு பத்து லட்சம் படிகளுக்குமேல் விற்றது. அவருடைய இசைத்தட்டுகளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல். 1978-இல் கண்ட்ரி இசைச் சங்கம் தன் மிகப்பெரிய விருதான ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை அவருக்கே தந்தது. கிராமி விருதும் 1979-இல் கண்ட்ரிப் பாடகியர் பிரிவிலேயே கிடைத்தது! போய்விட்டாள் என்று பேசப்பட்ட பெண்ணுக்கு வீட்டார் கொடுத்த மரியாதை இது. குறை சொன்னவர்களுக்கு அவர் சொன்ன விடை எளிமையானது: தாம் கண்ட்ரியை விட்டுப் போகவில்லை, அதையும் உடன் எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

இதற்கு மறுபக்கம் இல்லையா? உண்டு, அதையும் சொல்வதே நேர்மை. தாமே எழுதும் ஆற்றல் மிக்க ஒருவர், பிறர் எழுதிய பாட்டால் புகழின் உச்சிக்குப் போனார் என்பது சிந்திக்கத்தக்கது. சந்தை பெரியது, அது வேர்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இன்று ஒரு வாத்தியத்தைக் குறைக்கச் சொல்லும். நாளை ஓர் உச்சரிப்பை மாற்றச் சொல்லும். கடைசியில் எஞ்சுவது எல்லோரையும் போன்ற ஒரு குரலாகிவிடும். மரபுவழிப் பாடகர்களின் கோபத்தில் இந்த நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் டாலியின் பிற்கால வாழ்க்கை அந்த அச்சத்துக்கு ஓரளவு விடை கூறுகிறது. அலுவலகப் பெண்களின் உழைப்பைப் பற்றிய "நைன் டு ஃபைவ்" திரைப்படத்தில் 1980-இல் நடித்தார். அதற்காக அவரே எழுதிய பாட்டு 1981-இல் பாப், கண்ட்ரி ஆகிய இரு பட்டியலிலும் முதலிடம் பெற்றது. தட்டச்சுப் பொறியின் ஒலியை நினைவூட்டத் தம் செயற்கை நகங்களை ஒன்றோடொன்று தட்டித் தாளம் போட்டாராம்! துள்ளலான பாட்டுதான், ஆனால் பேசுவது கூலிக்காரரின் சலிப்பை. 1999-இல் "தி கிராஸ் இஸ் புளூ" என்ற இசைத்தட்டில் மலைநாட்டுப் பழைய இசைக்கே திரும்பினார். போன வழி தெரிந்திருந்ததால் திரும்பும் வழியும் தெரிந்திருந்தது.

இக்கதையில் என்னை மிகவும் தொட்டது ஒன்று உண்டு. ஏழை வீட்டில் பிறந்தவர் ஏழ்மையைத்தான் பாடவேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. அவர் அழுதால் "உண்மையான கலை" என்கிறது. சிரித்தால் "வேர்களை மறந்தவர்" என்கிறது. இது எனக்குப் புதிதன்று. முன்பொரு முறை ஒரு மேடையில் பேச என்னை அழைத்தார்கள். வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்பதைப் பற்றிப் பேச ஆசைப்பட்டு, ஒளிச்சிதறலைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். "அதெல்லாம் வேண்டாம்மா, நீ பட்ட கஷ்டத்தைச் சொல்லு, மத்தவங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் என் தந்தை சித்தாள் வேலை பார்ப்பதும், என் தாய் நூறு நாள் வேலைக்குப் போவதும் எனக்கு மேடைப்பொருள் அல்ல. அவர்கள் அந்த வேலையைச் செய்வதே நான் நீல வானத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்பதற்காகத்தான். ஒட்டுப்போட்ட கோட்டைப் பாடிய பெண்ணுக்குக் காதல் பாட்டுப் பாடவும் உரிமை உண்டு. மகிழ்ச்சி பணக்காரர்களின் பட்டா நிலம் அன்று.

எங்கள் வீட்டில் அப்பத்தா நடவுப் பாட்டும் பாடும், ஒப்பாரியும் பாடும். ஆனால் தனியாக இருக்கும்போது அது முணுமுணுப்பதெல்லாம் பழைய சினிமாக் காதல் பாட்டுகளைத்தான். "என்ன அப்பத்தா, இந்த வயசுல?" என்றால், "ஒப்பாரி அடுத்தவுகளுக்கு, இது எனக்கு" என்று சொல்லிச் சிரிக்கும். ஒப்பாரியைப் பதிவு செய்ய வருவோர் உண்டு. அந்தச் சிரிப்பைப் பதிவு செய்ய யாரும் வந்ததில்லை.

இந்த ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் நிலை அலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினேன். வீட்டில் இரண்டு வாரம் தனியே பேசிப் பழகியதைக் கேட்ட பக்கத்து வீட்டுச் சித்தி, "பாரு, புள்ள இங்கிலீஷ்ல முனங்குது, இனி நம்மகிட்ட எங்க பேசப்போகுது" என்றார். கருத்தரங்கில் கணுவையும் எதிர்க்கணுவையும் விளக்கும்போது, புத்தகத்து உதாரணத்தை விட்டுவிட்டு எங்கள் கிணற்று வாளிக் கயிற்றைச் சொன்னேன். ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையைத் தக்க வேகத்தில் ஆட்டினால், கயிற்றின் நடுவே சில இடங்கள் அசையாமல் நிற்கும்; சிறுவயதில் நானும் தம்பியும் விளையாடிய விளையாட்டு அது. பேராசிரியர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த ஆங்கிலப் பேச்சில் எங்கள் ஊர்க் கயிறு இருந்தது. அதுவே என் ஸ்டீல் கித்தார் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அதைச் சித்தியிடம் நம் பேச்சிலேயே சொன்னேன். "கயித்துல இம்புட்டு இருக்கா?" என்று அவர் கேட்டதை எந்த மதிப்பெண்ணோடும் ஒப்பிடமாட்டேன்.

எம்.எஸ்ஸி. படிக்க வெளியூர் போக விரும்புகிறேன். அப்பா செலவைக் கணக்கிடுகிறார். அம்மா வேறொன்றைக் கணக்கிடுகிறார். "போயிட்டு வா, போயே போயிடாத" என்றார் ஒருநாள். அதற்கு நான் சொல்லக்கூடிய விடை, டாலி பார்ட்டன் தம் மக்களுக்குச் சொன்ன அந்த விடைதான். ஆனால் அதை வாயால் சொல்வது எளிது, வாழ்ந்து காட்டவேண்டும்.

அவர் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத தம் தந்தையை நினைந்து, 1995-இல் தம் சொந்த மாவட்டத்தில் ஒரு புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். பிறந்தது முதல் ஐந்து வயது வரை, பதிவு செய்த ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு புத்தகம் இலவசமாக வீடு தேடி வரும். "இமாஜினேஷன் லைப்ரரி" எனப்படும் அத்திட்டம் பின்னர் பல நாடுகளுக்கும் பரவி, 2023-க்குள் 20 கோடிப் புத்தகங்களுக்குமேல் வழங்கிவிட்டது. அந்த மலையை விட்டுப் பேருந்து ஏறிய பெண், மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது இது. பாப் பாட்டால் விரிந்த புகழும் பொருளும் அதற்குக் கைகொடுத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

தோழர்களே, தோழியரே! இன்னும் ஓராண்டில் நாம் பல திசைகளில் போவோம். சிலர் வங்கித் தேர்வுக்கும், சிலர் ஆசிரியப் பயிற்சிக்கும், சிலர் தொழிற்சாலைக்கும், சிலர் மேற்படிப்புக்கும். நம் பேச்சு மாறும், உடை மாறும், கேட்கும் பாட்டும் மாறும். அவற்றுக்காக வெட்கப்படவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் சுமந்து போக யாராலும் முடியாது. ஆகவே எதை எடுத்துப் போவது என்பதை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு சொல்லாக இருக்கலாம், ஒரு கைத்தொழிலாக இருக்கலாம், அப்பத்தாவின் ஒரு சிரிப்பாகவும் இருக்கலாம். அது இல்லாமல் பதிவு முடியக் கூடாது என்று, 1977-இல் அந்தப் பாடகி நின்றதுபோல், நாமும் பிடிவாதமாக நிற்கவேண்டும்.